புகைபோக்கி வழியே போகும் எரிபொருள்: கழிவு வெப்ப மீட்பு பற்றிய எளிய விளக்கம்

தொழிற்சாலைகளின் கழிவு வெப்பத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கூற்றுகள் தவறாமல் வந்துவிடுகின்றன. எரிக்கும் எரிபொருளில் பாதி புகைபோக்கி வழியே வீணாகிறது, அதைப் பிடித்து ஒரு டர்பைனைச் சுழற்றினால் மின்சாரம் இலவசமாகக் கிடைத்துவிடுமே என்பது முதல் கூற்று. அப்படிக் கிடைப்பதாக இருந்தால் ஆலைக்காரர்கள் இத்தனை காலம் சும்மா இருந்திருப்பார்களா, இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்பது இரண்டாவது. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை. வெப்பத்தையும் எண்ணெயைப் போல அளந்து ஊற்றிவிடலாம், எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தால் போதும் என்று நினைப்பதுதான் அந்தக் குழப்பம். வெப்பத்துக்கு அளவு இருப்பதைப் போலவே தரமும் இருக்கிறது. அந்தத் தரத்தைப் புரிந்துகொண்டால், எந்த வெப்பத்தை மீட்கலாம், எதற்குப் பயன்படுத்தலாம், எதை விட்டுவிடுவதே அறிவுடைமை என்பதெல்லாம் ஓரளவுக்குத் தானாகவே விளங்கும்.

ஒரு தொழிலுக்காக உண்டாக்கப்பட்டு, தன் வேலை முடிந்ததும் பயனின்றிச் சுற்றுப்புறத்தில் கலந்துவிடும் வெப்பத்தையே கழிவு வெப்பம் என்கிறோம். அதை அப்படிக் கலக்கவிடாமல் இடைமறித்து மறுபடியும் வேலை வாங்குவது கழிவு வெப்ப மீட்பு.

ஊசியும் வாளியும்

1 கிராம் எடையுள்ள ஓர் இரும்பு ஊசியைத் தீயில் காட்டி 800 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்குவோம். பக்கத்தில் ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கி வைப்போம். எதில் வெப்பம் அதிகம்? ஊசி ஏற்றுக்கொண்டது ஏறத்தாழ அரை கிலோஜூல். வாளித் தண்ணீர் ஏற்றுக்கொண்டதோ ஏறத்தாழ 420 கிலோஜூல், அதாவது ஊசியைப் போல எண்ணூறு மடங்குக்கும் மேல். ஆனாலும் அந்த ஊசி ஒரு காகிதத்தைப் பொசுக்கித் துளைத்துவிடும். வாளித் தண்ணீரால் ஒரு மெழுகுவத்தியைக்கூட உருக்க முடியாது.

இங்கே வெப்பம் என்பது ஒரு பொருளுக்குள் ஏறிய ஆற்றலின் அளவு. வெப்பநிலை என்பது அந்த ஆற்றல் எவ்வளவு செறிவாக இருக்கிறது என்பதன் அடையாளம். வெப்பம் எப்போதும் சூடு மிகுந்த பொருளிலிருந்து சூடு குறைந்த பொருளுக்குத்தான் தானாகப் பாயும், மறுபுறம் பாயாது. ஆகவே 40 டிகிரித் தண்ணீர் எத்தனை கோடி லிட்டர் இருந்தாலும், அதனால் எதையும் 41 டிகிரிக்குக் கொண்டுபோக இயலாது. ஆலைகளில் உள்ள நிலையும் இதுவே. குளிர்விக்கும் நீரில் மலைபோல வெப்பம் குவிந்திருக்கும், ஆனால் அது வெதுவெதுப்பானது. உலையிலிருந்து வரும் புகையில் அதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆனால் அது கொதிப்பது.

சுருங்கச் சொன்னால், கழிவு வெப்பத்தைப் பற்றி எவ்வளவு என்ற கேள்வியோடு எத்தனை டிகிரியில் என்ற கேள்வியும் சேர்ந்தே வர வேண்டும். இரண்டாவது கேள்விக்கு விடை இல்லாத எந்தக் கணக்கும் பாதிக் கணக்கே.

வெப்பம் ஏன் வெளியேறுகிறது?

புகைபோக்கியில் சூடான புகையைக் கண்டதும், யாரோ கவனக்குறைவாக இருக்கிறார்கள் என்று தோன்றுவது இயல்பு. பல இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் பெரும்பகுதி இழப்புக்குக் காரணம் கவனக்குறைவன்று. ஓர் உலோகத் துண்டை 1,000 டிகிரிக்குச் சூடாக்க வேண்டுமென்றால், அதைத் தழுவிச் செல்லும் வாயு கடைசி வரை 1,000 டிகிரிக்கும் மேலே இருந்தாக வேண்டும்; இல்லையென்றால் உலோகத்திலிருந்து வாயுவுக்கு வெப்பம் பாயத் தொடங்கிவிடும். ஆகவே உலையை விட்டு வெளியே வரும் புகை 1,000 டிகிரிக்குக் குறையாமல் இருப்பது அந்த வேலையின் தன்மையிலேயே அடங்கியிருக்கிறது. கண்ணாடி உருக்கும் உலையில் இது இன்னும் கடுமை, அங்கே வெளியேறும் வாயு 1,400 டிகிரியையும் தாண்டும்.

புகை ஒரு வழி மட்டுமே. ஆலையில் செய்து முடித்த பொருளே வெப்பத்தைச் சுமந்துகொண்டு வெளியே வருகிறது. உருக்கு, கிளிங்கர் (சிமென்ட்டாக அரைப்பதற்கு முன் சூளையிலிருந்து வரும் கட்டிகள்), கல்கரி (காற்றுப் புகாமல் நிலக்கரியைச் சுட்டுப் பெறும் எரிபொருள்), கண்ணாடி எல்லாம் உலையை விட்டு வரும்போது தணல்போல இருக்கும், பிறகு திறந்த வெளியில் ஆறும். குளிர்விக்கும் நீர், கம்ப்ரசர்களின் எண்ணெய், உலர்த்திகளின் ஈரக்காற்று, உலையின் சுவர் என்று இன்னும் பல வழிகள். இவற்றில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், அது உலைக் கதவு. 1,000 டிகிரியில் இருக்கும் ஓர் உலையின் கதவு ஒரு சதுர மீட்டர் அளவுக்குத் திறந்திருந்தால், அந்தத் திறப்பு வழியே கதிர்வீச்சாக மட்டும் ஏறத்தாழ 150 கிலோவாட் வெப்பம் இடைவிடாமல் வெளியே கொட்டும். இதை மீட்க எந்தக் கருவியும் தேவையில்லை. கதவைச் சாத்தினால் போதும். மீட்பைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இழப்பைக் குறைக்க வேண்டும் என்று பொறியாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான். தேவைக்கு மேல் உலைக்குள் நுழையும் காற்று, பழுதான காப்புச் செங்கல், கசியும் நீராவிக் குழாய் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் பெருஞ்செலவில் மீட்புக் கருவி வாங்குவது, ஓட்டை வாளியின் அடியில் இன்னொரு வாளியை வைப்பதற்கு ஒப்பாகும். பிற்காலத்தில் ஓட்டையை அடைத்ததும் அந்த இரண்டாவது வாளிக்கு வேலை இருக்காது.

கம்பளித் துணியும் செங்கல் அறையும்

மீட்ட வெப்பத்தை எங்கே கொண்டுபோவது? எங்கிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி அனுப்புவதுதான் பெரும்பாலும் மிகச் சிறந்த வழி. கழிவு வெப்ப மீட்பில் புதியவர்கள் குறைத்து மதிப்பிடும் பகுதியும் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்ப்போம்.

கடுங்குளிரில் வாயையும் மூக்கையும் கம்பளித் துணியால் மூடிக்கொண்டு நடப்பவர்களைக் கவனியுங்கள். வெளிவிடும் மூச்சு சூடாக இருக்கிறது. அது துணியைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. அடுத்து உள்ளே இழுக்கும் குளிர்காற்று அதே துணியைக் கடந்து வரும்போது அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு நுரையீரலுக்குச் செல்கிறது. உடல் வெளியே விட்ட வெப்பத்தின் ஒரு பங்கு இப்படி உடலுக்கே திரும்புகிறது.

1856இல் ஃபிரெடரிக் சீமென்ஸ் காப்புரிமை பெற்ற உலை ஏறத்தாழ இதே முறையில் இயங்கியது. உலையின் இருபுறமும் இடைவெளி விட்டு அடுக்கிய செங்கற்களால் ஆன அறைகள் இருக்கும். சூடான புகை ஒரு பக்கத்து அறை வழியே வெளியேறிச் செங்கற்களைப் பழுக்கக் காய்ச்சும். சிறிது நேரம் கழித்துப் போக்கைத் திருப்புவார்கள். இப்போது எரிவதற்கான காற்று அந்தச் சூடான அறை வழியே உள்ளே வரும், புகை மறுபக்கத்து அறையைச் சூடாக்கிக்கொண்டு போகும். இப்படி வெப்பத்தைச் சேமித்துவைத்துத் திருப்பித் தரும் அமைப்புக்கு ரீஜெனரேட்டர் என்று பெயர். இன்றைய பெரிய கண்ணாடி உலைகளிலும் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இந்தத் திசைமாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது. காற்று 1,200 டிகிரியை ஒட்டிய சூட்டில் உலைக்குள் நுழைகிறது. போக்கைத் திருப்பாமல், ஒரு சுவருக்கு இந்தப்பக்கம் புகையும் அந்தப்பக்கம் காற்றும் தொடர்ந்து ஓடும்படி அமைத்தால் அது ரெக்யூபரேட்டர்.

சூடான காற்றை உலைக்குள் செலுத்தலாம் என்ற எண்ணமே ஒரு காலத்தில் நகைப்புக்கு இடமாக இருந்தது. குளிர்காலத்தில் ஊதுலைகள் (காற்றை ஊதி இரும்புத் தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்கும் உலைகள்) நன்றாக வேலை செய்வதைப் பார்த்த இரும்பு உற்பத்தியாளர்கள், காற்று எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நம்பினார்கள். குளிர்காலக் காற்றில் ஈரம் குறைவு என்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. கிளாஸ்கோ நகரத்து எரிவாயு ஆலையின் மேலாளராக இருந்த ஜேம்ஸ் போமண்ட் நீல்சன் 1828இல் சூடான காற்றை ஊதும் முறைக்குக் காப்புரிமை பெற்றபோது, அந்த நம்பிக்கையை எதிர்த்தே நின்றார். சில ஆண்டுகளுக்குள் ஒரு டன் இரும்புக்குத் தேவைப்பட்ட நிலக்கரி பாதிக்கும் கீழே இறங்கியது. கல்கரியாக மாற்றாமல் நிலக்கரியை நேரடியாகவே உலையில் இடலாம் என்றானதும் அதற்கு ஒரு காரணம். தொடக்கத்தில் அந்தக் காற்றைச் சூடாக்கத் தனி அடுப்பு எரித்தார்கள். ஊதுலையிலிருந்து வீணாகப் போன வாயுவையே எரித்துச் செங்கல் கோபுரங்களைச் சூடாக்கி, அவற்றின் வழியே காற்றைச் செலுத்தும் முறையை 1857இல் எட்வர்ட் கவுப்பர் கொண்டுவந்தார். இன்றும் ஊதுலைகளின் அருகே உயர்ந்து நிற்கும் உருளைக் கோபுரங்கள் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தவை.

ஒன்றைத் திருப்பினால் இரண்டு மிச்சமாகும் கணக்கு

உலைக்கே வெப்பத்தைத் திருப்புவதில் முதல் பார்வைக்கு நம்ப முடியாத ஓர் ஆதாயம் இருக்கிறது. சுவர் வழி இழப்பை ஒதுக்கிவைத்து ஓர் எளிய கணக்குப் போடுவோம். ஓர் உலைக்கு 100 அலகு எரிபொருள் தேவைப்படுகிறது. அதில் 50 அலகு உலோகத்துக்குப் போகிறது, 50 அலகு கொதிக்கும் புகையோடு வெளியேறுகிறது. இப்போது ஒரு ரெக்யூபரேட்டரை வைத்து, புகையிலுள்ள வெப்பத்தில் 40 சதவீதத்தைக் காற்றுக்கு ஏற்றித் திருப்பி அனுப்புகிறோம் என்க.

இனி 71.4 அலகு எரிபொருள் போதும். சரிபார்க்கலாம்: புகையோடு போவது அதில் பாதி, 35.7 அலகு. அதில் 40 சதவீதமான 14.3 அலகு காற்றோடு உள்ளே திரும்புகிறது. ஆக உள்ளே வருவது 71.4உம் 14.3உம் சேர்ந்து 85.7, வெளியே போவது 35.7, உலோகத்துக்குக் கிடைப்பது முன்போலவே 50. திருப்பி அனுப்பிய வெப்பம் 14.3 அலகுதான். மிச்சமான எரிபொருளோ 28.6 அலகு, சரியாக இரண்டு மடங்கு.

இதில் மாயம் ஏதுமில்லை. எரிபொருளிலிருந்து வரும் ஒவ்வோர் அலகு வெப்பமும் தனக்கென்று ஒரு பங்கு புகையையும் உண்டாக்குகிறது. அந்தப் புகை தன் பங்காகப் பாதியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. காற்றில் ஏறித் திரும்பி வரும் வெப்பம் புதிதாகப் புகையை உண்டாக்குவதில்லை, ஆகவே அது முழுமையாக வேலைக்குக் கிடைக்கிறது. எரிபொருள் குறைய, புகையின் மொத்த அளவும் குறைகிறது; கரியமில வாயுவும் அதே விகிதத்தில் குறைகிறது. அதே 14.3 அலகைக் கொண்டு வேறெங்கோ தண்ணீர் காய்ச்சியிருந்தால் இந்த இரட்டிப்பு கிடைத்திராது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சூடான காற்றில் எரியும் சுடர் இன்னும் சூடாகும். சீமென்ஸ் உலை உருக்கையே உருக்கும் அளவுக்கு வெப்பநிலையை எட்டியதும், 1860களில் பிரான்சின் பியர் எமில் மார்ட்டின் அதை உருக்கு ஆக்கப் பயன்படுத்தியதும் இந்தப் பண்பினால்தான். ஆனால் சுடரின் சூடு ஏற ஏறக் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, காற்றை மாசுபடுத்தும் நைட்ரஜன் ஆக்சைடுகள் பெருகும். அதற்கேற்ற எரிப்பான் அமைப்பு இல்லாமல் காற்றை மட்டும் சூடாக்கிவிட்டால் ஒரு குறையைத் தீர்த்து இன்னொரு குறையை வரவழைத்தது போலாகும்.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: உயர்ந்த சூட்டில் போகும் புகையிலிருந்து வெப்பத்தை எடுத்து அதே உலையின் காற்றுக்கோ, உள்ளே வரவிருக்கும் பொருளுக்கோ கொடுப்பது ஒவ்வோர் அலகுக்கும் மிகுதியான எரிபொருளை மிச்சப்படுத்துகிறது.

எதிரெதிரே ஓடும் இரண்டு ஓடைகள்

ஒரு பாய்மத்திலிருந்து (நீர்மமோ வாயுவோ) இன்னொன்றுக்கு, இரண்டும் கலக்காமல் வெப்பத்தைக் கடத்தும் கருவி வெப்பமாற்றி. 80 டிகிரியில் ஒரு வாளித் தண்ணீரும் 20 டிகிரியில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கின்றன. ஒன்றின் சூட்டை மற்றொன்றுக்குக் கொடுத்தால் இரண்டும் 50 டிகிரியில் நின்றுவிடும், அதற்கு மேல் குளிர்ந்த நீர் சூடேறாது என்றே தோன்றும். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்த இரு குழாய்களில் எதிரெதிர்த் திசையில் ஓடவிட்டால் நிலைமை மாறுகிறது. வெளியேறப்போகும் குளிர்நீர், அப்போதுதான் உள்ளே நுழையும் 80 டிகிரி நீரைச் சந்திக்கிறது. வெளியேறப்போகும் வெந்நீர், அப்போதுதான் நுழையும் 20 டிகிரி நீரைச் சந்திக்கிறது. குழாய் போதிய நீளம் இருந்தால் குளிர்நீர் 70 டிகிரியையும் தாண்டிச் சூடேறி வெளிவரும். பனிநீரில் நிற்கும் வாத்தின் கால்களில் இரத்தக் குழாய்கள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. கீழே இறங்கும் சூடான இரத்தம், மேலேறும் குளிர்ந்த இரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் போவதால் உடல்வெப்பம் பாதங்கள் வழியே வீணாவதில்லை.

சிமென்ட் ஆலையின் உயர்ந்த கோபுரம் இந்தக் கொள்கைக்கு நல்ல சான்று. சூளையிலிருந்து ஏறத்தாழ 1,000 டிகிரியில் மேலேறும் வாயுவுக்கு எதிராக, மேலிருந்து அரைத்த சுண்ணாம்புக்கல் மாவு படிப்படியாக இறக்கப்படுகிறது. நான்கு முதல் ஆறு படிகளைக் கடந்து சூளையை அடையும்போது மாவு 800 டிகிரியைத் தாண்டியிருக்கும். மேலே போய்ச் சேரும் வாயு 300 முதல் 350 டிகிரி வரை ஆறியிருக்கும். நெருப்பு செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியைக் கழிவு வாயுவே செய்து முடித்துவிடுகிறது.

கொதிகலனும் பனிநிலை என்னும் எல்லையும்

நீராவி உண்டாக்கும் கொதிகலன்களில் மீட்பு இன்னும் எளிது. புகைபோக்கிக்குப் போகும் வழியில் குழாய்களை வைத்து, கொதிகலனுக்குள் செல்லும் தண்ணீரை முன்கூட்டியே சூடாக்கினால் போதும். எட்வர்ட் கிரீன் 1845இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்புக்கு எகனாமைசர் என்று பெயர். ஒரு கிலோ நீராவி உண்டாக்கப் பொதுவாக 2,500 கிலோஜூல் அளவில் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை 6 டிகிரி சூடாக்க 25 கிலோஜூல் வேண்டும். ஆகவே உள்ளே போகும் நீரின் சூடு 6 டிகிரி கூடினால் எரிபொருளில் ஏறத்தாழ 1 சதவீதம் மிச்சம். கொதிகலன் இயக்குவோர் மனக்கணக்காகப் பயன்படுத்தும் விதி இது.

அப்படியானால் புகையை 30 டிகிரி வரை ஆறவைத்து முழு வெப்பத்தையும் உறிஞ்சிவிடலாமே? இங்கேதான் பனிநிலை குறுக்கே நிற்கிறது. புகையிலுள்ள ஆவி நீர்மமாக மாறத் தொடங்கும் வெப்பநிலையே பனிநிலை. எரிபொருளில் கந்தகம் இருந்தால் புகையில் கந்தக அமில ஆவி இருக்கும். அது 120 முதல் 150 டிகிரி வரையான சூட்டிலேயே குழாய்களின் மேல் அமிலத் துளிகளாகப் படிந்து இரும்பை அரித்துவிடும். எனவே புகையை அதற்கு மேலேயே வெளியே விடுகிறார்கள். கண்டவுடன் வீண் என்று தோன்றும் அந்த 150 டிகிரிப் புகை, குழாய்களைக் காப்பதற்காகக் கொடுக்கும் விலை. கந்தகமற்ற இயற்கை எரிவாயுவில் நிலைமை நேர்மாறு. அங்கே புகையிலுள்ள நீராவி ஏறத்தாழ 55 டிகிரியில் நீராக மாறும்போது, ஆவியாக இருந்தபோது தனக்குள் வைத்திருந்த உள்ளுறை வெப்பத்தை வெளியே விடுகிறது. அரிப்பைத் தாங்கும் உலோகத்தில் கருவி அமைத்து அதையும் மீட்கிறார்கள்.

மின்சாரம்: ஆசைக்கும் இயற்கைக்கும் இடையே

1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ வெப்ப எந்திரத்தை அருவியோடு ஒப்பிட்டார். அருவியின் ஆற்றல் நீரின் அளவோடு அது விழும் உயரத்தையும் பொறுத்தது. வெப்பத்தின் வேலைத்திறன் வெப்பத்தின் அளவோடு அது இறங்கும் வெப்பநிலை வேறுபாட்டையும் பொறுத்தது. சமவெளியில் அகன்று ஓடும் ஆறு எவ்வளவு பெரியதானாலும் சக்கரத்தைச் சுழற்ற அதற்கு உயரம் இல்லை. 40 டிகிரிக் கழிவுநீர் அத்தகைய ஆறு.

இந்த ஒப்பீட்டைப் பின்னால் வந்தவர்கள் ஒரு வாய்பாடாக்கினார்கள். செல்சியஸ் அளவோடு 273ஐக் கூட்டினால் கெல்வின் அளவு கிடைக்கும். சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வேறுபாட்டைச் சூடான முனையின் கெல்வின் அளவால் வகுத்தால், வெப்பத்தில் அதிகபட்சம் எத்தனை பங்கு வேலையாக மாறலாம் என்பது தெரியும். சுற்றுப்புறம் 30 டிகிரியாக இருக்கும்போது, 1,000 டிகிரி வெப்பத்துக்கு இந்த உச்சவரம்பு 76 சதவீதம், 350 டிகிரிக்கு 51 சதவீதம், 100 டிகிரிக்கு 19 சதவீதம். இது இயற்கை விதித்த எல்லை. எந்தத் திறமையான எந்திரமும் இதைத் தாண்ட முடியாது, கழிவு வெப்பத்தில் ஓடும் நடைமுறை எந்திரங்கள் இதில் பாதியைத் தொட்டாலே பெரிது. மேலும், வாயுவோ நீரோ வெப்பத்தைக் கொடுக்கக் கொடுக்கத் தானும் ஆறிக்கொண்டே வருவதால் எல்லை இன்னும் சுருங்குகிறது. 90 டிகிரி நீர் 30 டிகிரிக்கு ஆறும்போது விடும் வெப்பத்தில் கோட்பாட்டளவில்கூட 9 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாகாது.

ஆகவே மின்சாரம் எடுப்பது, உலைக்குத் திருப்ப முடியாத, ஆனால் போதிய சூடுள்ள வெப்பத்துக்குப் பொருந்தும் வழி. சிமென்ட் ஆலையில் முன்பு சொன்ன 300 டிகிரி வாயுவையும், கிளிங்கரை ஆறவைக்கும் காற்றையும் கழிவு வெப்பக் கொதிகலனுக்குள் செலுத்தி நீராவி உண்டாக்கி டர்பைனைச் சுழற்றுகிறார்கள். ஒரு டன் கிளிங்கருக்கு 25 முதல் 45 கிலோவாட் மணி வரை கிடைக்கிறது, ஆலையின் மின்தேவையில் 30 சதவீதம் வரை அதிலேயே தீர்வதுண்டு. இதிலும் ஒரு போட்டி இருக்கிறது. அந்த வாயுதான் ஈரமான சுண்ணாம்புக்கல்லை உலர்த்தவும் வேண்டும். கல்லில் ஈரம் மிகுந்தால் மின்சாரத்துக்கு மிஞ்சுவது குறைவு. எனவே ஓர் ஆலையில் வெற்றி பெற்ற திட்டம் பக்கத்து ஆலையில் தோற்பது வியப்பன்று.

கல்கரி ஆறவைக்கும் முறையில் நடந்த மாற்றம் எனக்கு மிகவும் நிறைவு தரும் எடுத்துக்காட்டு. அடுப்பிலிருந்து ஏறத்தாழ 1,000 டிகிரியில் வெளிவரும் கல்கரியின் மேல் தண்ணீரைப் பாய்ச்சி அணைப்பதே பழைய முறை. வெப்பம் முழுவதும் வெண்ணிற ஆவி மேகமாகத் தூசியையும் சுமந்துகொண்டு வானுக்குப் போகும். 1960களில் சோவியத் ஒன்றியத்தில் பெரிய அளவில் வளர்ந்து, 1970களில் ஜப்பானுக்குச் சென்ற உலர்முறையில், மூடிய கலனுக்குள் நைட்ரஜன் வாயுவைச் சுற்றவிட்டுக் கல்கரியை 200 டிகிரியை ஒட்டிக் குளிர்விக்கிறார்கள். கல்கரி தீப்பற்றாது, வெப்பம் நைட்ரஜனில் ஏறி, கொதிகலனில் நீராவியாகிறது. தண்ணீர்ச் செலவும் தூசியும் குறைவதோடு, கல்கரியும் உறுதியாகிறது.

தண்ணீரை ஆவியாக்கப் போதிய சூடு இல்லாத இடங்களில், குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் கரிமத் திரவங்களைக் கொண்டு டர்பைனைச் சுழற்றும் கரிம ரேங்கின் சுழற்சியும் பயன்படுகிறது. அது குறைந்த சூட்டிலும் எந்திரத்தை ஓடவைக்கும். முன்பு சொன்ன கார்னோ எல்லையை அது உயர்த்துவதில்லை.

வெதுவெதுப்பான வெப்பத்தை உயர்த்துவது

குளிர்சாதனப் பெட்டி தன் உள்ளே இருந்து வெப்பத்தை எடுத்துப் பின்புறமாக வெளியே தள்ளுகிறது. கொஞ்சம் மின்சாரம் செலவழித்து, குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்கு வெப்பத்தை மேலேற்றும் அதே அமைப்பை வெப்பத்துக்காகவே பயன்படுத்தினால் அது ஹீட் பம்ப். 40 டிகிரிக் கழிவுநீரிலிருந்து வெப்பத்தை எடுத்து 80 டிகிரியில் கொடுக்கும்போது, செலவழித்த ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஏறத்தாழ நான்கு பங்கு வெப்பம் கிடைக்கலாம். அதையே 120 டிகிரிக்கு உயர்த்த முயன்றால் ஆதாயம் இரண்டரைப் பங்கை ஒட்டிச் சுருங்கும். ஏற்றம் குறைவாக இருக்கும் இடங்களில்தான் இது சிறக்கும். கழுவுதல், உலர்த்துதல், வெந்நீர் தேவைப்படும் வேலைகள் ஆகியவற்றுக்கு மிகவும் ஏற்றது.

சில நகரங்களில் ஆலையின் கழிவு வெப்பத்தை வெந்நீர்க் குழாய்கள் வழியே வீடுகளுக்கே அனுப்புகிறார்கள். ஜெர்மனியின் ஹாம்பர்கில், செம்பு உருக்கும் ஆலையில் கந்தக அமிலம் உண்டாகும்போது வெளிப்படும் வெப்பம் 2018 முதல் நகரின் ஒரு குடியிருப்புப் பகுதியைச் சூடாக்கிவருகிறது. வீட்டை வெதுவெதுப்பாக்க 90 டிகிரி நீர் தாராளமாகப் போதும். மின்சாரத்துக்கு உதவாத வெப்பம், தன் தரத்துக்கு ஒத்த வேலை கிடைத்ததும் முழு மதிப்பைப் பெற்றுவிடுகிறது.

எல்லா ஆலைகளும் ஏன் செய்வதில்லை?

வெப்பம் கிடைக்கும் நேரமும் தேவைப்படும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். இரவில் உலை எரிந்து, பகலில் வெந்நீர் தேவைப்பட்டால் இடையில் சேமிப்புக் கலன் வேண்டும். தொலைவு இன்னொரு தடை. வெந்நீரைச் சில கிலோமீட்டர் கொண்டுபோகலாம், சூடான புகையை அவ்வளவு தூரம் கொண்டுபோவது வீண்வேலை. புகையிலுள்ள தூசி குழாய்களின் மேல் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். அதைத் துடைக்க ஏற்பாடு இல்லாத கருவி முதல் ஆண்டு சிறப்பாக வேலை செய்து, பிறகு படிப்படியாகச் சோர்ந்துபோகும். வாயுவிலிருந்து உலோகத்துக்கு வெப்பம் மெதுவாகவே கடக்கும் என்பதால் வாயுக்களுக்கான வெப்பமாற்றிக்குப் பெரிய பரப்பு வேண்டும். பரப்பு கூடினால் இரும்பும் இடமும் செலவும் கூடும். புகையும் காற்றும் கடந்து செல்வதில் அழுத்தம் குறைவதால், அவற்றைத் தள்ளும் மின்விசிறி கூடுதலாக மின்சாரம் இழுக்கும். மீட்டதாகச் சொல்லும் கணக்கில் இந்தச் செலவைக் கழிக்க மறந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

எனவே ஓர் ஆலை 10 மெகாவாட் வெப்பத்தை வீணாக்குகிறது என்று எங்கேனும் படித்தால், அந்த எண்ணோடு நின்றுவிட வேண்டாம். அது 900 டிகிரியில் போகும் தூசியற்ற புகையாக இருந்து, ஆண்டு முழுவதும் தடையின்றிக் கிடைத்தால், உலைக் காற்றைச் சூடாக்கி எரிபொருளில் கணிசமான பங்கை நிறுத்திவிடலாம்; எஞ்சிய சூட்டில் நீராவியும் எடுக்கலாம். அதே 10 மெகாவாட் 40 டிகிரிக் குளிர்விப்பு நீராக இருந்தால், முதலில் தேட வேண்டியது டர்பைன் விற்பவரை அன்று, ஹீட் பம்ப் கொண்டு உயர்த்திக் கொடுத்தால் போதும் என்னும்படி 60 அல்லது 70 டிகிரி வெந்நீர் தேவைப்படும் ஓர் அண்டை ஆலையை.